கோ-5 தீவனப்புல்: 14 சதவீதப் புரதம் எந்த நாளில் இருக்கிறது?

கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை வாங்கலாமா என்று கேட்டால், தண்ணீர் வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். ஆனால் கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு) விற்கிறவர்கள் அடுக்கும் காரணங்களை நம்பி வாங்காதீர்கள். அவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் இரண்டு எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒன்று, எக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் பசுந்தீவனம். மற்றொன்று, 14 சதவீதப் புரதம். இரண்டும் அவர்களாகக் கட்டிவிட்டவை இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2012-இல் இந்த ரகத்தை வெளியிட்டபோது சொன்னவைதான். அந்தப் புரதம் எத்தனையாவது நாள் அறுத்த புல்லில், எவ்வளவு உரம் கண்ட மண்ணில் கிடைக்கும் என்பதைத்தான் அந்தத் தாளில் காணோம். பள்ளியில் காலமெல்லாம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அலகு எழுதாத விடையைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

எங்கள் நிலம் அலங்காநல்லூருக்குப் பக்கத்தில், பெரியாறு கால்வாய்த் தண்ணீர் எட்டியும் எட்டாத ஓரத்தில் இருக்கிறது. நெல் போட்ட வயலில் 20 சென்டை மட்டும் பிரித்துப் புல்லுக்கு விட்டிருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். தொழுவத்தில் மூன்று கறவைகள், மூன்றும் ஜெர்சிக் கலப்பு. கூட ஒரு கிடாரி. இந்தப் பக்கத்தில் வைக்கோலுக்குக் குறைவில்லை, வீட்டுக்கு வீடு படப்பு நிற்கும். பசும்புல்லுக்குத்தான் பஞ்சம். சித்திரை, வைகாசியில் வரப்பில் பிடுங்க ஒரு அறுகம்புல்கூட இருக்காது.

கரணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போகிற இடம் அதுதான். 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும் என்பது பரிந்துரை. அப்படி நட்டால் ஏக்கருக்கு 13,300 கரணை, 20 சென்டுக்குச் சுமார் 2,700. இந்தப் புல்லுக்கு விதை கிடையாது. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. இரண்டையும் கலந்து பிறந்த பிள்ளைக்கு 21. ஒற்றைப்படையாக இருப்பதால் இணை சேராமல் மலடாகிவிடுகிறது. ஆகவே எவராவது பொட்டலத்தில் 'கோ-5 விதை' என்று விற்றால் அது வேறு ஏதோ ஒன்றின் விதை; பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கரணை அனுப்பியவர் (பெயர் வேண்டாம்) சாக்கில் திணித்து லாரியில் ஏற்றிவிட்டார். அவிழ்த்தபோது உள்ளே வெக்கை அடித்தது. பாதிக்கு மேல் இளம் நுனித்தண்டு, விரலால் அழுத்தினால் சாறு வந்தது. மூன்றில் ஒரு பங்கு முளைக்கவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, மண் சரியில்லை என்றார். மூன்று மாதமாவது முற்றிய தண்டின் நடுப்பகுதியில் இரண்டு கணு வைத்து வெட்டியதுதான் கரணை. ஒரு கணு மண்ணுக்குள், ஒன்று மண்ணுக்கு மேல். வாங்கும்போது நேரில் போய், வெட்டுவதை நின்று பாருங்கள். நின்று பார்த்தாலும் அது கோ-4-ஆ கோ-5-ஆ என்று கண்ணால் சொல்வது சாமானியருக்கு முடியாத காரியம். கோ-4 வெளியானது 2008-இல். நான்கு ஆண்டு முந்திய ரகம் பக்கத்துப் பாத்தியிலிருந்து சாக்குக்குள் கலந்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? அதனால்தான் ரகப் பெயரைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை.

முதல் அறுப்பு நட்ட 75 முதல் 80 நாளில். அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. இப்படிப் போனால் ஆண்டுக்கு 7 அறுப்பு வரும். பல்கலைக்கழகம் சொல்லும் 360 டன்னும் இந்த 7 அறுப்பைச் சேர்த்துத்தான்.

இந்த 45 என்ற எண்ணைத்தான் ஊரில் யாரும் மதிப்பதில்லை. என் கொழுந்தனார் இதே புல்லை அடுத்த வயலில் வைத்திருக்கிறார். எழுபது நாள் வரை விடுவார். புல் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். "மதினி, உங்கள் புல் என் தோளுக்குக்கூட வரவில்லையே" என்று வரப்பில் நின்று கேலி வேறு. தெற்கு வீட்டு அத்தாச்சிக்கு நேர்மாறான குணம். தளிராக இருந்தால்தான் மாடு தின்னும் என்று முப்பது நாளிலேயே அரிவாளைக் கொண்டுபோய்விடுவார். ஆக ஒரே தண்ணீர், ஒரே மண்ணில் மூன்று வயதுப் புல்லையும் பக்கம் பக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு. ஆய்வுக்கூடம் கட்டினாலும் இப்படி அமைந்திருக்காது.

கொழுந்தனாரின் புல் எடையில் என் புல்லைத் தோற்கடிக்கும். சந்தேகமே இல்லை. ஆனால் அந்த எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தண்டை எடுத்து அடியிலிருந்து மேலே விரலை ஓட்டினால், முதல் நான்கைந்து கணு வரை மூங்கில் பிளாச்சு மாதிரி கடினம். அடித்தாள்கள் மஞ்சளாகிக் காய்ந்து தொங்குகின்றன. இலை உச்சியில் மட்டும். நாள் ஏற ஏறத் தண்டு பெருக்கிறது, நாரும் தண்டைக் கட்டையாக்கும் லிக்னினும் ஏறுகின்றன, புரதம் இறங்குகிறது. மிக முற்றிய நேப்பியரில் புரதம் 7, 8 சதவீதத்துக்கு வந்துவிடும். அவர் தொழுவத்துக் குளுதாடியில் (தீவனத் தொட்டியில்) மறுநாள் காலையில் கிடக்கும் கூளத்தை அள்ளிப் பார்த்தால் எல்லாம் தண்டு. மாடு இலையை உருவித் தின்றுவிட்டு மிச்சத்தைத் தள்ளியிருக்கும். எடை போட்டுப் பெருமைப்பட்டதில் ஒரு பங்கு எருக்குழிக்குப் போகிறது.

முப்பது நாள் புல்லில் கூளம் விழாது, மிச்சமில்லாமல் தின்றுவிடும். புரதமும் அதிகம். ஆனால் பத்துப் பங்கில் எட்டரைப் பங்கு தண்ணீர். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உலர்பொருள் போயிருக்காது. அத்தாச்சியின் தொழுவத்தில் சாணி உருண்டு விழாமல் தெறிக்கும். சுவர் வரைக்கும் தெறித்த பச்சைப் புள்ளிகளைப் பார்த்தே புல்லின் வயதைச் சொல்லிவிடலாம். பால் சொசைட்டியில் அளக்கும்போது அவர் பாலில் கொழுப்பு இறங்கி நிற்கிறது. நார் குறைந்தால் மாடு அசைபோடுவது குறையும். வயிற்றில் அசிட்டிக் அமிலம் குறையும். பால் கொழுப்பு உருவாக அது முக்கியமான மூலப்பொருள். கொஞ்சம் வைக்கோலைக் கலந்து போட்டாலே இது சரியாகிவிடும் என்று சொன்னேன். வைக்கோல் போட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

மாட்டைவிடப் பெரிய நஷ்டம் தூருக்கு. அறுத்ததும் புல்லுக்கு இலை இல்லை, சமைக்க அடுப்பு இல்லாத நிலை. அடிக்கட்டையிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் புதுக் குருத்தைத் தள்ளுகிறது. இலை விரிந்து, செலவழித்ததை ஈடுகட்டி, மறுபடி சேமிக்கத் தொடங்கும்போது முப்பதாம் நாள் அரிவாள் வந்து நின்றால்? ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்கும். அத்தாச்சியின் வயலில் இப்போது நடு நடுவே சொட்டை விழுந்து, அந்த இடத்தில் கோரை ஏறிவிட்டது. ரகம் சரியில்லை என்கிறார்.

45 நாள் என்பது இந்த இரண்டு இழுபறிக்கும் நடுவே இருக்கும் சமரசம். எடை இன்னும் ஏறும் வேளைதான். ஆனால் புரதம் விழத் தொடங்குகிறது, தூர் தன் கடனை அடைத்துவிட்டது. "டீச்சர், இன்னும் ஐந்து நாள் விட்டால் இரண்டு கட்டுக் கூடுதலாக வரும்" என்று எங்களுக்குப் புல் அறுக்க வரும் பெண் சொல்லுவாள். வரும்தான். அந்த இரண்டு கட்டும் தண்டாக வரும்.

இதைக் காசாக மாற்றிப் பார்த்தால்தான் வீட்டில் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு கறவைக்கு நாளைக்கு 25 கிலோ புல் போடுகிறோம். 45 நாள் புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்று வைத்தால் 5 கிலோ. அதில் 14 சதவீதம் புரதம் என்றால் 700 கிராம். எழுபது நாள் புல்லில் உலர்பொருள் கூடுதல், நாலில் ஒரு பங்கு, 6.25 கிலோ. அதில் 7 சதவீதம் என்றால் 440 கிராம்தான். குறைகிற 260 கிராமைக் கடலைப் பிண்ணாக்கில் கொடுக்க வேண்டுமானால், பிண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருந்தும்கூட, மாட்டுக்கு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் தேவை. இதில் செரிமானத்தில் வரும் வித்தியாசத்தை நான் சேர்க்கவில்லை. கொழுந்தனார் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "உங்களிடம் படித்த பிள்ளைகள் பாவம்" என்றார். பிண்ணாக்கு வாங்கும் செலவு அவர் மனைவி கையில் இல்லாததால் அவருக்கு இன்னும் ஆதரவு இருக்கிறது.

நாள் கணக்கைக் காப்பாற்ற ஒரே வழி, வயலைப் பிரிப்பது. எங்கள் 20 சென்டை ஒன்பது பாத்திகளாக்கி, பாத்திக்கு ஐந்து நாள் என்று வைத்திருக்கிறோம். ஒன்பதாவது பாத்தியை முடிக்கும்போது முதல் பாத்திக்கு 45 நாள் ஆகியிருக்கும். வயல் முழுவதும் ஒரே நாளில் நட்டு, ஒரு மூலையிலிருந்து தேவைக்கு அறுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு முனையில் தளிரும் மறு முனையில் மூங்கிலும்தான் கிடைக்கும். எந்தப் பாத்தி எந்தத் தேதி என்று தொழுவச் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறோம். நாள்காட்டி அவ்வளவுதான்.

அறுக்கும் உயரத்தைச் சொல்லாமல் விட முடியாது. அரைச் சாண் கட்டை நிற்க வேண்டும், பத்து பதினைந்து சென்டிமீட்டர். கூர் மழுங்காத பன்னரிவாளால் ஒரே இழுப்பில் அறுத்த கட்டையைக் குனிந்து பாருங்கள். வெட்டு வாயில் சாறு முத்தாகக் கட்டி நிற்கும். மூன்றாம் நாள் அதே வாயின் நடுவிலிருந்து வெளிர்பச்சைக் குருத்து, அறுத்த அடையாளத்தோடு, நுனி தட்டையாக மேலே வந்திருக்கும். அதன் கூடவே மண்ணை ஒட்டிய கணுக்களில் இளஞ்சிவப்பு மொட்டு மாதிரி பக்கத் தூர் தள்ளும். வருங்கால விளைச்சல் அந்த மொட்டில் இருக்கிறது. குனியச் சோம்பல்பட்டு முழங்கால் உயரத்தில் அறுத்தால், மேல் கணுவிலிருந்து கிளைத்த மெலிந்த குருத்துகள் வரும். ஆடிக் காற்றில் அவை மடமடவென்று முறிந்து விழும். மண்ணோடு மழித்தால், வெயில் காலத்தில் அந்த அடி மொட்டே கருகிவிடும். மழுங்கிய அரிவாளால் இழுத்துத் தும்பு தும்பாகக் கிழிந்த கட்டை அழுகுகிறது. ஒப்பந்தத்துக்கு அறுக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை; நாள் கூலிக்கு ஆளை வைத்துக்கொண்டு நிதானமாக அறுக்கச் சொல்வது மேல்.

இனி உரம். இங்கேதான் அந்த இரண்டு கொட்டை எழுத்து எண்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். அதனால்தான் ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். 360 டன் புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள், 72 டன். அதில் 14 சதவீதம் புரதம், 10 டன். அதில் நைட்ரஜன் 1,600 கிலோ. அதாவது ஒரு எக்டேரிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் தழைச்சத்தை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோகிறோம். போடச் சொல்வது எவ்வளவு? தொடக்கத்தில் எக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 40 கிலோ. ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் 75 கிலோ தழைச்சத்து. எல்லாம் கூட்டினாலும் 675 கிலோ. மீதி 900 கிலோவுக்கு மேல் எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்தும் தொழு உரத்திலிருந்தும் வர வேண்டும். வராவிட்டால் புல் இரண்டில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளும். எடை வரும், புரதம் வராது. அல்லது புரதம் வரும், எடை வராது. ஆராய்ச்சி நிலத்தில் கண்ட இரண்டு உச்சங்களும் என் வயலில் கைகோத்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விற்கிறவர் எதிர்பார்க்கச் சொல்கிறார்.

எங்கள் பாத்திக் கணக்குக்கு வந்தால், எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து என்பது ஏக்கருக்கு 30 கிலோ. யூரியாவாக 65 கிலோ. ஒரு பாத்திக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆகப் பாத்திக்கு ஒன்பது ரூபாய்கூட ஆகாது. ஒரு பாத்தியில் மட்டும் ஒரு சுற்றுக்கு யூரியா போடாமல் விட்டுப் பார்த்தேன். இரண்டாவது வாரத்திலேயே வித்தியாசம் வரப்பிலிருந்து தெரிந்தது: அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கியது. அறுக்கும்போது தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தால், யூரியா கண்ட தூர் ஒன்றேகால் கிலோ, காணாதது முக்கால் கிலோ. ஒன்பது ரூபாய்க்கு இதைவிடப் பெரிய பலன் தரும் பொருள் மதுரை மாவட்டத்தில் எதுவும் விற்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் எப்போது, எப்படிப் போடுகிறோம் என்பதில் பாதி பலன் இருக்கிறது. அறுத்த அன்றே போட்டால் குடிக்க வேர் தயாராக இல்லை. குருத்து எட்டிப் பார்க்கும் மூன்றாம், நான்காம் நாள், களை கொத்தி, மாலையில் தூரைச் சுற்றித் தூவி, உடனே தண்ணீர் கட்டிவிட வேண்டும். காய்ந்த மண்ணில் காலையில் தூவிவிட்டு மோட்டாருக்கு மின்சாரம் வரட்டும் என்று காத்திருந்தால், மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாக்கிக் காற்றில் அனுப்பிவிடும். வரப்பில் நின்றால் மூக்கில் சுருக்கென்று ஏறும் அந்த நெடி, காசு ஆவியாகிற நெடி.

சாம்பல்சத்தை யாரும் நினைப்பதே இல்லை. மேய்கிற மாடு தின்றதில் பெரும்பகுதியை அங்கேயே சாணியும் மூத்திரமுமாகத் திருப்பிப் போட்டுவிடுகிறது. அறுத்துக் கொண்டுபோய்த் தொழுவத்தில் போடும் முறையில் அது திரும்புவதில்லை. குறிப்பாகப் பொட்டாசியம் மூத்திரத்தோடு வாய்க்காலுக்குப் போகிறது. இலை ஓரம் காய்ந்து சுருண்டால் அதுதான் காரணம். நாங்கள் தொழுவம் கழுவும் தண்ணீரை ஒரு தொட்டியில் சேர்த்து, பாசனத் தண்ணீரோடு கலந்து, யூரியா போடும் பாத்திக்கே விடுகிறோம். கலக்காமல் விட்டால் குருத்து கருகும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு டிராக்டர் தொழு உரம். பரிந்துரை எக்டேருக்கு 25 டன். எங்கள் அளவுக்கு 2 டன். வேண்டிய உரம் தொழுவத்துக்குப் பின்னாலேயே குவிந்து கிடக்கையில், அதை வேறு வயலுக்கு விற்றுவிட்டுப் புல்லுக்கு யூரியா மட்டும் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

யூரியா இவ்வளவு நல்லது என்றால் இரட்டிப்பாகப் போடலாமே என்று ஒருவர் தோன்றுவார். எங்கள் வீட்டில் அவர் கொழுந்தனார். புல் கருநீலப் பச்சையாக நின்றது, காற்றுக்குச் சாய்ந்தது. எடை அதே விகிதத்தில் கூடவில்லை. இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற வெயிலும் ஈரமும் வேண்டும். வறட்சியில் புல் நின்றுபோனால் நைட்ரேட் அடித்தண்டில் தேங்கும். நீண்ட வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்ததும் உள்ளே விறுவிறுவென்று ஏறும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் இரத்தம் பழுப்பேறி, மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்தமோகுளோபினாக மாறிவிடுவதுதான் காரணம். மருத்துவர் நரம்பில் ஏற்றுவது மெத்திலீன் நீலம். ஆய்வகத்தில் மாணவிகளுக்குக் குடுவையில் காட்டிய அதே நீலம். ஆகவே உரம் போட்ட கையோடு அறுக்காதீர்கள். கோடை மழை பெய்த மறுநாள் வாடிக் கிடந்த பாத்தியில் கை வைக்காதீர்கள், ஒரு வாரம் போகட்டும். ஆய்வகத்தில் புரதம் என்று எழுதும் எண்ணில் இந்த நைட்ரஜனின் ஒரு பகுதியும் கலந்திருக்கலாம் என்பதை 18 சதவீதம், 20 சதவீதம் என்று விளம்பரம் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சாலிக் அமிலம் இன்னொரு குறை. நேப்பியர் வகைகள் எல்லாவற்றிலும் உண்டு, தளிரில் அதிகம். கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும்; கன்று ஈன்ற மாட்டுக்குக் கால்சியம் ஏற்கெனவே தட்டுப்பாடு. பரிந்துரை எளிது: நாளைக்கு 5 கிலோ பயறு வகைத் தீவனம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தாது உப்புக் கலவையோ குடிநீரில் சுண்ணாம்புத் தெளிநீரோ கொடுக்க வேண்டும். நாங்கள் வரப்போரம் வேலிமசால் என்ற பயறு வகைச் செடியை வைத்திருக்கிறோம். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால். வெறும் கோ-5-ஐ மட்டும் போட்டு மாடு வளர்ப்பேன் என்பவருக்கு இந்தப் புல்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விளைச்சல் உண்மையில் எவ்வளவு? 360 டன் என்பதை இறக்கிப் பார்த்தால் ஒரு அறுப்புக்குத் தூருக்கு ஒன்றரைக் கிலோ. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரத்துத் தூர்கள் இரண்டு கிலோவைக்கூடத் தாண்டுகின்றன. நடுப்பாத்தியில் ஒன்றரையைத் தொடும். மார்கழி, தை மந்தம். பங்குனி முதல் வைகாசி வரை, வாரம் ஒரு தண்ணீர் கட்டியும் முக்கால் கிலோ. ஒரு பாத்தியில் முந்நூறு தூர், ஐந்து நாளைக்கு எங்களுக்கு வேண்டியது நானூறு கிலோவுக்கு மேல். ஆகக் கோடையில் பாதிக்கு வைக்கோல்தான். 'மூன்று மாட்டுக்கு இருபது சென்ட் போதும்' என்று சொல்லப்படும் பேச்சில் ஆண்டில் ஏழெட்டு மாதம் உண்மை.

சூப்பர் நேப்பியர் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாய்லாந்தில் உருவான பாக்சோங் புல்தான் அந்தப் பெயரில் சுற்றுகிறது. பெயரும் விலையும் பெரிதாக இருந்தாலும் அதுவும் கம்பு நேப்பியர்தான். வயது ஏறினால் அதுவும் முற்றும். விற்பவரிடம் அந்தப் புரதம் எத்தனையாவது நாள் புல்லில் என்று கேளுங்கள். தண்ணீர் குறைந்தவர்களுக்குப் பல அறுப்புச் சோளம் கோ எப்எஸ்-29 பொருத்தம். ஆனால் இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு இருப்பதால் பூப்பதற்கு முன் அறுக்கக் கூடாது. பொறுமை இல்லாத கைக்கு அது ஏற்றதில்லை.

சில்லறைக் குறைகள். இலையில் சுணை உண்டு. முழுக்கைச் சட்டை இல்லாமல் உள்ளே போனால் முழங்கை சிவந்துவிடும். தூர் அடர்ந்த பாத்தியில் பாம்பு தங்குகிறது, விடியலில் இருட்டோடு போய் அறுக்காதீர்கள். நறுக்காமல் போட்டால் 45 நாள் புல்லிலும் கூளம் விழும். நறுக்கும் எந்திரம் இருந்தால் செலவு ஒன்றிரண்டு ஆண்டில் தீவனத்திலேயே திரும்பிவிடும். ஆண்டுக்கொருமுறை தூரைக் கடப்பாரையால் நான்காகப் பிளந்து மூன்றை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நடு அழுகி வளையமாகப் பெருத்துவிடும். இது ஆம்பிளை வேலை என்று எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போடப்படுகிறது.

முழு மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. புல்லுக்குப் பத்துக்கு எட்டு. கரணை அனுப்பியவருக்குத் தேர்ச்சி இல்லை. நாளைக்கு ஒரு மணி நேரம் வயலில் நிற்க முடிந்து, தொழு உரத்தை விற்காமல் வைத்திருந்து, பாத்தி பிரித்துத் தேதி எழுதத் தயாராக இருக்கிறவர்கள் நடலாம். ஊருக்கு வெளியே இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறவர்கள் வைக்கோலும் கலப்புத் தீவனமும் வாங்கிப் போடுவதே மிச்சம்.

கரணைக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆவணி கடைசியில் தூர் பிரிப்பார்கள். இந்தப் புல்லை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அப்போது மூன்று பங்கு வேர்க்கட்டை குப்பைக்குத்தான் போகிறது. முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட்டு, ஈரச் சாக்கோடு போய், கடப்பாரை பிடிக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு போனால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் நிச்சயம் சொல்ல மாட்டோம்.